நோன்புப் பிரசங்கம்

செபமாலையை அப்பாவின் விரல்களில் சுற்ற அம்மா மூன்றாவது தடவையாக முயன்றாள். மணிகள் மறுபடியும் நழுவிக் கோட்டின் மேல் விழுந்தன. விரல்கள் மடங்க மறுத்தன. சவ அறையில் கையுறை போட்டிருந்த வெள்ளைக்காரப் பெண் உதவட்டுமா என்று கேட்டாள். அம்மா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“விடுங்கோ அம்மா. நெஞ்சிலை வைச்சுவிடுவம்,” என்றாள் திலகா.

“நெஞ்சிலை வைச்சால் ஆரோ வைச்ச மாதிரித்தான் இருக்கும். அவர் பிடிச்சிருக்கிற மாதிரி இருக்க வேணும்.”

கடைசியில் அந்தப் பெண்தான் ஒரு வெள்ளை நூலை எடுத்து, இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துக் கட்டி, நூலைச் சட்டைக் கைக்குள் மறைத்தாள். செபமாலை நின்றது. தூரத்திலிருந்து பார்த்தால் அப்பா செல்வரத்தினம் செபம் சொல்லிக்கொண்டே கண் மூடியவர் போலத் தெரிந்தார். கிட்டப் போனால் நூல் தெரியும்.

“இப்ப சரி,” என்றாள் அம்மா.

அவர் செவ்வாய்க்கிழமை காலை ஆஸ்பத்திரியில் இறந்தார். சிறுநீரகம் இரண்டும் போய்விட்டிருந்தன. எழுபத்திநாலு வயது. அவஸ்தைப்பூசுதலுக்கு, அதாவது சாகும் முன் எண்ணெய் பூசிச் செபிப்பதற்கு, ஃபாதரைக் கூப்பிட்டிருந்தார்கள். பாலத்தில் விபத்து. ஃபாதர் வந்து சேர்ந்தபோது மூச்சு நின்று இருபத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. அம்மா அழவில்லை. ஃபாதரைத் தாழ்வாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒரு கேள்வி கேட்டாள்.

“ஃபாதர், அவர் இருபத்தேழு வருசமா ஒரு அர்ச்சிஷ்டவரின்ரை பிரசங்கங்களைத் தமிழிலை எழுதிக்கொண்டிருந்தவர். அது காணும்தானே?”

ஃபாதர் தூத்துக்குடிக்காரர். நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு வந்து எட்டு மாதம்தான். “போதும்மா. புனிதரோட பிரசங்கம்னா தாராளமா போதும்,” என்றார். வேறு என்ன சொல்ல முடியும்?

பக்கத்தில் நின்ற திலகா தரையைப் பார்த்தாள். அப்பா எழுதிய அந்த நோட்டுக் கொப்பிகளில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

*

செல்வரத்தினம் பூசைக்குப் போகாத மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி அன்னம்மாவைக் கோயில் வாசலில் இறக்கிவிட்டு, கார் நிறுத்துமிடத்திலேயே இருந்து பேப்பர் படிப்பார். கலியாணத்துக்கு முன் கப்பலில் எஞ்சின் வேலை பார்த்தவர். ஒருமுறை கப்பல் முதலாளி கடனில் மூழ்கிக் கப்பலைக் கைவிட்டுவிட, பதினொரு மாதம் லிஸ்பன் துறைமுகத்தில் கிடந்தார். அங்கே ஒரு சலூன்காரனிடம் போர்த்துக்கேயப் பாஷை படித்தார். அவன் கொடுத்த ஒரு புத்தகத்தோடு ஊருக்கு வந்தார். அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாத புத்தகம். யார் எழுதியது என்று அவருக்கே தெரியாது. உள்ளே எல்லாம் சாமிமாரை, பாதிரிமாரை, வைத்துச் சிரிக்கிற பகிடிக் கதைகள்.

ஆக்லாந்துக்கு வந்த புதிதில் அவர் கொப்பி வாங்கி எழுதத் தொடங்கினார். என்ன எழுதுறியள் என்று அன்னம்மா கேட்டாள். “போர்த்துக்கேயச் சாமி ஒராளின்ரை பிரசங்கம்,” என்றார். அது பொய் இல்லை. முதல் கதையில் ஒரு சாமி பிரசங்கம் வைக்கிறார்தான். மீதியை அன்னம்மாவே கட்டிக்கொண்டாள். சாமி, அர்ச்சிஷ்டவர் ஆனார். பகிடி, தவம் ஆனது. கொப்பிகளைத் துணியால் துடைத்து அடுக்கினாள். குருத்தோலை ஞாயிற்றில் கொண்டுவந்த ஓலையைக் கிழித்து உள்ளே வைத்தாள். ‘ஏன் உங்கடை அவர் பூசைக்கு வாறேல்லை’ என்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதில்தான்: “அவர் வீட்டிலை இருந்து எழுதிறார். அதுவும் செபம்தானே.”

திலகா பதினாறு வயதில் அவற்றை வாசித்தாள். கராஜுக்குள் இருந்து அப்பாவும் மகளும் வயிறு நோகச் சிரித்தார்கள். அப்பா அப்போது சொன்னது அவளுக்கு இன்னும் ஞாபகம் இருந்தது. “எங்களுக்கு வேதத்தைத் தந்தவங்கள் போர்த்துக்கேயர்தான் பிள்ளை. சிரிப்பை மட்டும் கப்பலிலையே வைச்சிட்டு இறங்கிட்டாங்கள்.”

அம்மாவுக்குச் சொல்லுவமோ என்று கேட்டாள்.

“வேண்டாம். உன்ரை அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது.”

*

வியாழக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குக் கோயில் மண்டபத்தில் செபமாலை. வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பூசை, பிறகு அடக்கம். தவசு காலம், ஈஸ்டருக்கு முந்திய நோன்பு நாட்கள், என்பதால் பூ அதிகம் வைக்கவேண்டாம் என்று கோயிலில் சொல்லியிருந்தார்கள். வெள்ளி மத்தியானம்வரை அந்தக் கொப்பிகளை அம்மா யாரிடமும் கொடுக்காமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று திலகா கணக்குப் போட்டாள். அப்பா மண்ணுக்குள் போன பிறகு ஆற அமரப் பார்க்கலாம். எங்காவது ஒளித்துவிடலாம்.

செபமாலைக் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. செத்தவருக்குப் பிடித்த செபத்தையோ, வேதாகமப் பகுதியையோ ஒருவர் வாசிப்பார். சவ அறையிலிருந்து கிளென்ஃபீல்ட் வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அம்மா சொன்னாள்:

“அவர் ஆஸ்பத்திரியிலை கடைசியா எழுதின கொப்பியைச் செபக் கூட்டத்துச் சரோஜாவிட்டைக் குடுக்கப்போறன். அதிலை இருந்து வாசிக்கட்டும்.”

“நான் வாசிக்கிறன் அம்மா.”

திலகாவின் திட்டம் எளிமையானது. கொப்பிக்குள் வேதாகமச் சங்கீதம் ஒன்றை எழுதிய தாளை வைத்து அதைப் படித்துவிடலாம்.

“நீ அழுவாய். சரோஜாவுக்கு நல்ல குரல்.”

“அந்தக் கையெழுத்து அவவுக்கு விளங்காது.”

“எனக்கு விளங்குது. ‘கிறிஸ்துவில் பிரியமான சகோதரரே’ எண்டு தொடங்குது. முதல் பக்கத்தை நான் பார்த்தனான்.”

“மிச்சம்?”

“கண்ணாடி போட்டாலும் எனக்கு அந்தப் பொடி எழுத்து ஏலாது. நீ ஏன் இப்பிடிக் கேள்வி கேக்கிறாய்?”

கொப்பி ஏற்கெனவே அம்மாவின் கைப்பைக்குள் இருந்தது. பை அவள் மடியில் இருந்தது. இரண்டு கையும் அதன் மேல் இருந்தன.

அந்தக் கடைசிக் கொப்பியைத் திலகா வாசித்ததில்லை. மற்றவற்றைப் போலத்தான் இருக்கும் என்று மட்டும் தெரியும். எவ்வளவு தூரம் போயிருப்பார் என்று தெரியவில்லை. சாகப் போகிறவர், யாருக்கும் பயப்படத் தேவையில்லாதவர் எழுதியது.

மண்டபத்தில் சரோஜாதேவியைத் தனியாகப் பிடித்தாள். மலேசியாவின் ஈப்போவில் பிறந்து வளர்ந்தவர், ஐம்பத்தைந்து வயது, செபக் கூட்டத்துக்கு அவர்தான் எல்லாம்.

“அக்கா, முதல் பந்தி மட்டும் வாசிச்சால் காணும். எழுத்து தெளிவில்லை.”

“நீ கவலப்படாத லா. எங்கப்பா டாக்டர் கிளினிக்ல வேல பாத்தவரு. டாக்டர் கையெழுத்தே நான் படிப்பேன்.”

“சரி. ஒரு பந்தி மட்டும்.”

“பாக்கலாம் லா. ஆவியானவர் எப்படி நடத்துறாரோ.”

ஐம்பது பேர் வந்திருந்தார்கள். கடைசி வரிசையில் சிவனேசன் இருந்தார். பக்குரங்காவில் அப்பாவோடு ஒரே கட்டடத்தில் காவல் வேலை பார்த்தவர். சைவக்காரர். நெற்றியில் திருநீறோடு, என்ன செய்வதென்று தெரியாமல், மற்றவர்கள் எழும்பும்போது எழும்பி, இருக்கும்போது இருந்துகொண்டிருந்தார். முன்னால் பெட்டி திறந்திருந்தது. அம்மா நூல் தெரியாத பக்கமாக இருந்தாள்.

செபமாலையின் ஐந்து தேவ இரகசியமும் முடிந்ததும் சரோஜாதேவி கொப்பியைத் திறந்தார். குரலைத் தாழ்த்தி, செபப் புத்தகம் வாசிக்கும் அதே இராகத்தில் தொடங்கினார்.

“கிறிஸ்துவில் பிரியமான சகோதரரே. இன்று நோன்பைப் பற்றிச் சொல்வேன். வயிறு ஒரு பாவி. விடியும் முன்னே அது கையேந்துகிறது.”

“ஆமென்,” என்றது கூட்டம்.

திலகா சரோஜாதேவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பந்தி முடிந்தது. சரோஜாதேவி ஒரு கணம் நிறுத்தி, கண்ணை மூடித் திறந்து, பக்கத்தைப் புரட்டினார்.

“ஆகவே உங்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் கோழி வளர்ப்பவன் சோதனையை வளர்க்கிறான். காலையில் அது கூவும்போது உங்கள் உறுதி ஆடுகிறது. அந்தச் சோதனைகளை என்னிடம் கொண்டுவாருங்கள். உங்கள் எல்லாருடைய சோதனையையும் நான் ஒருவனே சுமப்பேன்.”

“ஆமென்.”

“வறுத்துக் கொண்டுவந்தால் இன்னும் நல்லது. உயிரோடு இருக்கும் சோதனை இரவெல்லாம் கத்தும்.”

“ஆமென்,” என்றார்கள். கொஞ்சம் பேர்தான் இப்போது. ஆனால் சொன்னார்கள். இராகம் அவர்களை இழுத்துக்கொண்டு போனது. சரோஜாதேவி தான் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு வாசிப்பவர் இல்லை. கண்ணில் நீர்கூட வந்திருந்தது அவருக்கு.

“என் மெலிந்த உடலைப் பாருங்கள் என்று சொல்லி, பிரசங்கம் வைத்த துறவிச் சகோதரர் மேடையில் பக்கவாட்டாகத் திரும்பினார். பக்கவாட்டாகத் திரும்ப முடியவில்லை.”

கடைசி வரிசையில் சிவனேசன் சிரித்துவிட்டார். அடக்கிப் பார்த்து, முடியாமல், மூக்கு வழியாக வந்த சிரிப்பு. பிறகு வாய் வழியாகவும் வந்தது. ஐம்பது தலை திரும்பியது. அவர் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குனிந்தார். தோள் குலுங்கியது. ஃபாதர் முன் வரிசையில் தன் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். புத்தகமும் குலுங்கியது.

சரோஜாதேவி முதல் தடவையாக, கையில் இருப்பதைத் தனக்காக வாசித்தார். உதடு அசைந்தது. கொப்பியை மூடினார்.

ஃபாதர் எழுந்தார். “அந்தக் காலத்து மகான்கள் சிலர் இப்படித்தான், கொஞ்சம் வேடிக்கையாப் பேசி நம்மளத் திருத்துவாங்க. எல்லாரும் முழந்தாள்படியிடுவோம்,” என்றார். எல்லோரும் முழந்தாள்படியிட்டார்கள்.

அம்மா மட்டும் நாற்காலியிலேயே இருந்தாள். அவள் சிவனேசனைப் பார்க்கவில்லை, ஃபாதரையும் பார்க்கவில்லை. திலகாவைப் பார்த்தாள். திலகா தலையைக் குனிந்தாள். அது போதுமாக இருந்தது.

போகும்போது சிவனேசன் அம்மாவிடம் வந்தார். “அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. வேலையிலை அண்ணை எனக்கு உப்பிடிக் கதையள் வாசிச்சுக் காட்டிறவர். அவற்றை குரலிலை கேட்டுது. அதுதான்...” இப்போது அவர் அழுதுகொண்டிருந்தார்.

“பரவாயில்லை தம்பி,” என்றாள் அம்மா. “சாப்பிட்டிட்டுப் போங்கோ.”

*

வெள்ளி காலை ஏழு மணிக்குத் திலகா குசினியில் அம்மாவின் வெள்ளைச் சீலைக்கு அயன் போட்டுக்கொண்டிருந்தாள். அம்மா தேத்தண்ணியோடு வந்து மேசையில் இருந்தாள். இரவு முழுக்க ஒரு வார்த்தையும் கேட்காதவள் இப்போது கேட்டாள்.

“எத்தினை பேருக்குத் தெரியும்?”

“எனக்கு. சிவனேசன் அண்ணைக்கு.”

“எல்லாக் கொப்பியும் உப்பிடித்தானோ?”

“ஓம்.”

“உனக்கு எப்ப இருந்து தெரியும்?”

“பதினாறு வயசிலை இருந்து.”

அம்மா விரல் மடித்து எண்ணினாள். “இருபத்திமூண்டு வருசம். கராஜுக்கை இருந்து ரெண்டு பேரும் சிரிச்சது இதுக்குத்தானே. நான் வெளியிலை உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிப்பன். பள்ளிக்கூடத்திலை ஏதோ பகிடி எண்டு நினைப்பன்.”

திலகா அயன் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள்.

“எனக்கேன் சொல்லேல்லை?”

“நீங்கள் கவலைப்படுவியள் எண்டு.”

“அது நீ நினைச்சது. அவர் என்ன சொன்னவர்?”

உன்ரை அம்மாவுக்குச் சிரிக்கத் தெரியாது. “ஒண்டும் சொல்லேல்லை,” என்றாள் திலகா.

அம்மா தேத்தண்ணியைக் குடிக்காமல் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். “நான் ஊர் முழுக்கச் சொல்லித் திரிஞ்சன். ஃபாதருக்கும் சொன்னன். கடைசியிலை எண்ணெயும் பூசேல்லை. இதுவும் இல்லை.” பிறகு நேராகக் கேட்டாள். “பிள்ளை, அவர் நம்பினவரோ?”

ஆம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்வதற்கு இதைவிட நல்ல காலை வாய்க்காது. ஆனால் இத்தனை வருடம் சொன்னது போதும் என்று திலகாவுக்குப் பட்டது.

“தெரியாது அம்மா. நான் கேட்டதில்லை.”

அம்மா தலையாட்டினாள். சீலையை வாங்கிக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

*

பூசை ஒழுங்காக நடந்தது. ஃபாதர் பிரசங்கத்தைச் சுருக்கமாக முடித்துக்கொண்டார். பெட்டியை மூடும்போது அம்மா அப்பாவின் சட்டைக் கையை இழுத்துச் சரிசெய்தாள்.

சவ வண்டி முன்னால் போனது. பின்னால் அவர்களின் கார். திலகாவின் கணவன் யசீகரன் ஓட்டினான், அம்மா அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள், திலகா பின்னால். கல்லறை வெஸ்ட்கேட்டையும் தாண்டி இருந்தது. மோட்டர்வேயில் ஏறியதும் அம்மா கைப்பையைத் திறந்து, கொப்பியை எடுத்து, திரும்பாமலே பின்னுக்கு நீட்டினாள்.

“வாசி.”

“இப்பவோ?”

“பிறகு எப்ப? சரோஜா விட்ட இடத்திலை இருந்து வாசி.”

யசீகரன் கண்ணாடியில் மனைவியைப் பார்த்தான். திலகா கொப்பியைத் திறந்தாள். ஊசி ஏற்றிய கையால் எழுதிய எழுத்து, வரி வரியாகக் கீழே சரிந்துகொண்டு போனது. கதையை அவளும் இப்போதுதான் முதல்முறையாக வாசிக்கிறாள். தட்டுத் தடுமாறி வாசித்தாள். கோழிகள் வந்துகொண்டே இருந்தன. சகோதரர் பெருத்துக்கொண்டே போனார். தவசு கால முதல் வெள்ளியன்று நோன்பைப் பற்றிப் பிரசங்கம் முடித்து இறங்கப் பார்த்தபோது மேடையின் வாசல் அவரை விடவில்லை. ஊரார் கூடினார்கள். மேடையை உடைக்கலாம் என்றான் தச்சன். மேடை மந்திரித்தது, அதை உடைக்கக்கூடாது, மெலியும்வரை சகோதரர் அங்கேயே நிற்கட்டும் என்றான் கோயில்காரன்.

அப்பா வாசித்தால் இந்த இடத்தில் தச்சனுக்கு ஒரு குரல், கோயில்காரனுக்கு ஒரு குரல் வரும். திலகாவின் குரலில் எல்லாம் ஒரே மாதிரிச் செத்துக் கிடந்தது. அம்மா முன் கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை. அப்பா சொன்னது சரிதான் போலும்.

“எங்கடை ஊர்ப் பங்கிலையும் ஒரு சாமி இருந்தவர்,” என்றாள் அம்மா திடீரென்று. “அவருக்குப் பூசை நேரம் சாய்ஞ்சு இருக்கிற கதிரையை ரெண்டு தரம் பெருப்பிச்சது. ரெண்டாந்தரம் அளவெடுக்க வந்த தச்சன் கேட்டவன், ‘சுவாமி, அடுத்த தரம் கதிரையை விட்டிட்டுக் கோயிலைப் பெருப்பிப்பமே?’ எண்டு.”

யசீகரன் சிரித்துவிட்டான். சிரித்துவிட்டு, சவ வண்டி முன்னால் போவது ஞாபகம் வந்து, ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தான். அம்மா நிறுத்தவில்லை.

“சாமிக்குக் கோவம் வரேல்லை. அவர் கேட்டவர், ‘எத்தினை அடி?’ எண்டு. அந்தத் தச்சன் என்ரை பெரியப்பா. செத்த வீடு, கலியாண வீடு எல்லாத்திலையும் இதைச் சொல்லிச் சிரிப்பம்.”

அம்மா இரண்டு குரலில் சொல்லியிருந்தாள். தச்சனுக்கு ஒன்று. சாமிக்கு ஒன்று.

“இதை அப்பாவுக்குச் சொன்னனீங்களோ?” என்று கேட்டாள் திலகா.

“அவருக்கோ? அர்ச்சிஷ்டவரின்ரை பிரசங்கம் எழுதிற மனிசன். அவருக்கு முன்னாலை உப்பிடிக் கதைக்கலாமோ?” அம்மா சொன்னாள். “கலியாணம் கட்டின பிறகு நான் உதொண்டும் கதைக்கிறதில்லை.”

வெஸ்ட்கேட் வந்தது. புதுக் கடைகள் எழும்பும் இடத்தில் இரண்டு பாரந்தூக்கிகள் நின்றன. சிவப்பு விளக்கில் சவ வண்டி நின்றது. இவர்களும் நின்றார்கள். பக்கத்து லேனில் ஒரு வேன்காரன் சவ வண்டியைப் பார்த்துவிட்டு ரேடியோவைக் குறைத்தான்.

“வாசி,” என்றாள் அம்மா.

“ஊரார் வீட்டுக்குப் போனார்கள். சகோதரர் மேடையிலேயே நின்றார். வாழ்க்கையில் முதல்முறையாக நோன்பிருந்தார். முதல் நாள் சபித்தார். இரண்டாம் நாள் அழுதார். மூன்றாம் நாள், எல்லாருக்கும் முன்னதாகச் சகோதரருக்குக் கோழி கொண்டுவந்து கொடுத்த விதவை கோயிலுக்குள் வந்தாள். கையில் மூடிய சட்டி இருந்தது. மேடைக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். அவள்...”

திலகா பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கமும், அதற்கடுத்ததும் வெறுமையாக இருந்தன.

“பிறகு?” என்றாள் அம்மா.

“இவ்வளவுதான் அம்மா எழுதியிருக்கிறார்.”

“புத்தகத்திலை இருக்கும்.”

“இருக்கும். போர்த்துக்கேயம் ஆர் வாசிக்கிறது?”

சவ வண்டி இடப்பக்கம் சமிக்ஞை போட்டு, கல்லறை வாசலுக்குள் மெதுவாகத் திரும்பியது. யசீகரன் அதன் பின்னாலேயே காரைத் திருப்பினான். சரளைக்கல் பாதை. தூரத்தில் மண் குவித்த இடத்தில் பச்சைத் துணி விரித்திருந்தார்கள். சிவனேசன் ஏற்கெனவே வந்து, கை இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு தனியே நின்றார்.

அம்மா தன் சீட் பெல்ட்டைக் கழற்றினாள். கார் இன்னும் நின்றிருக்கவில்லை. எச்சரிக்கை மணி அடிக்கத் தொடங்கியது. அவள் ஒரு கையைக் கதவுப் பிடியில் வைத்து, முன்னால் போகும் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாதை முடியும்வரை மணி அடித்துக்கொண்டே இருந்தது.